தொட்டியண்ணனின் முன் டயர்

ஒரு டயருக்காக இவ்வளவு யோசித்த மனிதர் ஊவா மாகாணத்திலேயே தொட்டியண்ணன் ஒருவர்தான். மற்ற ஆண்கள் பெண் பார்க்கும்போதுகூட அதில் கால்வாசி யோசிப்பதில்லை. அதனால்தான் பாதிக் குடும்பங்கள் நாறிக் கிடக்கின்றன, அது வேறு கதை. தொட்டியண்ணன் இப்போது உயிரோடு இல்லை. செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது மரியாதை என்பார்கள். எனக்கு அந்த மரியாதை வராது. அவர்மேல் இருந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் லொறி ஓட்டி ஓய்வு பெற்று, மனைவி ரோசாக்காவுடன் ஹாலிஎலயில் குடியேறியவர். என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். எந்தக் காலத்திலோ ஒரு துரை விட்டுப் போன மோட்டார் சைக்கிள், பக்கத்தில் சைட்காருடன், தோட்டத்து ஃபெக்டரிக் கொட்டிலில் கோழி அடைந்து கிடந்தது. அதை வாங்கிக் கழுவி ஓடவைத்தார். சைட்கார் என்ற பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. தொட்டி என்றோம். அவர் தொட்டியண்ணன் ஆனார்.

காலித் தொட்டியோடு அவர் ஓட்டமாட்டார். இடது பக்கம் திரும்பும்போது தொட்டி அந்தரத்தில் தூக்கும், உள்ளே பாரம் வேண்டும் என்பார். அதனால் பஸ்ஸுக்கு நிற்பவர்களை ஆட்டு வியாபாரி மாதிரி மேலும் கீழும் பார்ப்பார். நான் பருமனான ஆள். என்னைக் கண்டால் அவருக்குக் கொண்டாட்டம்.

"தம்பி, பதுளைக்குப் போறேன், ஏறுங்க."

"நான் பண்டாரவளைக்குப் போகணும்ணே."

"அது நாளைக்குப் போகலாம். ஏறுங்க."

ஒல்லியானவர்கள் கையைக் காட்டிக் கெஞ்சினாலும் நிறுத்தமாட்டார். ஒரு தடவை, மாதா கோயில் சாமியாரையே பார்த்து, "சாமி, நீங்க பத்தாது. இன்னொருத்தரயும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பூனாகலையிலிருந்து போன் வந்தது. ரோசாக்காவின் தங்கை லூர்து அங்கே தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்தாள். அவள் மகன் பேசினான். "அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல பெரியப்பா. பெரியம்மாவ பாக்கணும்னு சொல்லுது. தோதுப்பட்டா வாங்க."

எங்கள் ஆட்கள் மோசமான செய்தியை போனில் நேராகச் சொல்வதில்லை. கொஞ்சம் முடியல என்றால் ரொம்ப முடியவில்லை. தோதுப்பட்டா வாங்க என்றால் இப்போதே கிளம்பு. ரோசாக்கா அன்றே துணிப்பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார். தொட்டியண்ணனோ மகன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, தோதுப்படுத்தக் கிளம்பினார். அதாவது, முன் டயர் தேய்ந்திருந்தது. அதை மாற்றாமல் பூனாகலை ரோட்டில் பொண்டாட்டியை ஏற்றமாட்டாராம்.

"வேன் பிடிப்போம் அக்கா," என்றேன் நான்.

"வேணாம் தம்பி. என் கல்யாணத்தன்னைக்கே லூர்து என்ன சொன்னா தெரியுமா? இந்த லொறிக்காரன் உன்ன சொந்த வண்டியில கொண்டாந்து எறக்கட்டும், அப்ப அவன மனுசன்னு சொல்றேன்னா. இப்ப வண்டி இருக்கு. அதுல போய் எறங்குறேன், அவ பாக்கட்டும்."

போதாததற்கு ரோசாக்காவுக்குக் கொழுந்து பறிக்கும் மலையில் விழுந்து ஒரு கால் மடங்காது. தொட்டிக்குள் மட்டும்தான் அதை நீட்டி உட்காரலாம்.

அது டொலர் இல்லை, டயர் இல்லை, எதுவுமே இல்லை என்று நாட்டை நாசமாக்கி வைத்திருந்த காலம். பதுளை டயர்க்கடை முஸ்லிம் முதலாளி, நாங்கள் நானா என்போம், இருந்த ஒன்றிரண்டைக் காட்டினார். தொட்டியண்ணன் முதல் டயரை மடியில் வைத்து உள்ளங்கையால் தடவினார்.

"இது உருண்டையா இருக்கு நானா."

"டயர் பின்ன சதுரமாவா இருக்கும்?"

"சும்மா மோட்டார் சைக்கிள் வளைவுல சாயும். அதுக்கு உருண்டை சரி. என் வண்டி சாயாது. பக்கத்துல தொட்டிய கட்டினா எப்பிடி சாயும்? உருண்டைய போட்டா நடுவுல மட்டும் தேயும். எனக்குத் தட்டையா வேணும்."

"தட்டையா வேணும்னா காருக்குப் போடுறத வாங்குங்க. கூடவே காரையும் வாங்குங்க."

தன் பேச்சு சரி என்று எங்களுக்குக் காட்ட அவர் செய்த காரியத்தை ஹாலிஎல இன்னும் மறக்கவில்லை. எங்கள் மலையில் மேடுபள்ளம் இல்லாத தரை என்றால் மாதா கோயில் தரைதான். பழைய முன் டயரும் உருண்டை ரகம்தான். அது முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பைப் பூசி, வண்டியைக் கோயிலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார். வாசலிலிருந்து பீடம் வரை நடுவில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு.

"பாத்தீங்களா, ஒரு விரல் அகலம்தான் தரையில படுது," என்றார் எங்களிடம் திரும்பி.

கோயில் உபதேசியார் துடைப்பத்தோடு ஓடிவந்தார். "நாசமா போறவனே, நாளைக்கு ஞாயித்துக்கெழம."

"அழிச்சிராதீங்க உபதேசியார். தம்பி இன்னும் சரியா பாக்கல."

அடுத்து நானா ஒரு பின்சக்கர டயரைக் கொடுத்தார். தட்டைதான். டயரில் போட்டிருக்கும் அம்புக்குறி, ஓடும் பக்கத்துக்கு எதிராக வரும்படி அதை முன்னால் மாட்டினார். பின் டயரை முன்னால் மாட்டினால் அப்படித்தான் போடவேண்டுமாம். ஹேண்டிலைத் திருப்ப எருமையைக் கொம்பில் பிடித்து இழுக்கும் பலம் வேண்டியிருந்தது. கழற்றினார். நீளக்கோடு போட்ட டயர் ஒன்று வந்தது. களிமண்ணில் வழுக்கும் என்றார். திருப்பிக் கொடுத்தார். நானா கும்பிட்டு, "அண்ணன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வேற கடையப் பாருங்க" என்றார்.

பூனாகலையிலிருந்து மறுபடியும் போன் வந்தது. "பெரியம்மா வருதா?" அவ்வளவுதான் கேட்டான். ரோசாக்கா வாசலில் பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான்தான் போய் அவரைப் பிடித்தேன்.

"அண்ணே, ஏதாவது ஒண்ண மாட்டிக்கிட்டுப் போங்கண்ணே."

"அந்த ரோட்ட ஒங்களுக்குத் தெரியாது தம்பி. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒண்ணுமில்ல. அவளுக்குக் கால் வேற மடங்காது. தொட்டி கவுந்தா குதிக்கக்கூட முடியாது அவளால."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதனாலேயே எனக்குக் கோபம் கூடியது.

கடைசியில் வெலிமடைப் பக்கம் ஒரு பழைய கடையில் அவர் நினைத்த டயர் கிடைத்தது. தட்டையான முகம், ஆழமான வெட்டு, இலகுவாகத் திரும்பியது. மாட்டி முடித்ததும் ரோசாக்கா பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னைக்கு இல்ல ரோசா," என்றார் இந்த மனுசன்.

புது டயரில் எண்ணெய் மாதிரி ஒரு வழவழப்பு இருக்குமாம். இரண்டு மூன்று நாள் ஓட்டி அது தேய்ந்தால்தான் ரோட்டைப் பிடிக்குமாம். மழைக்காலம் வேறு. பதுளைக்கும் ஹாலிஎலவுக்கும் இடையில் ஓட்டிக்கொண்டே இருந்தார். நானும் தொட்டிக்குள் பாரமாக உட்கார்ந்து, போகும்போதும் வரும்போதும் திட்டிக்கொண்டே போனேன். அவர் சொன்ன வழவழப்பு உண்மைதான். விசாரித்தும் பார்த்தேன். உண்மையாக இருந்து என்ன பிரயோசனம்? நாங்கள் அதைத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்த ஒரு மத்தியானம், ரோசாக்கா வாசலில் இல்லை. உள்ளே தரையில் கிடந்து அழுதுகொண்டிருந்தார். லூர்து காலையிலேயே போய்விட்டாள்.

உடனே கிளம்பினோம். வழியில் வண்டி நின்றால் தள்ள ஆள் வேண்டும் என்று என்னைப் பின்னால் ஏற்றினார். கொட்டும் மழை. பண்டாரவளை தாண்டிய பிறகு ரோடு என்று சொல்ல எதுவும் இல்லை. மண் சரிந்து பாதியை அடைத்திருந்தது. எங்கள் ஆட்கள் போகிற ரோட்டை எந்த அரசாங்கம் போட்டது? இத்தனையிலும் வண்டி ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. ஒரு இடத்திலும் ஆடவில்லை.

அக்கா வரவேண்டும் என்று பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். லயத்து வாசலில் சனம் விலகியது. தொட்டியிலிருந்து இரண்டு பெண்கள் ரோசாக்காவைத் தூக்கி இறக்கினார்கள். அவர் காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"ஏய் லூர்து, வண்டியிலதான்டி வந்திருக்கேன். எந்திரிச்சுப் பாருடி."

அது வெளியே எங்களுக்குக் கேட்டது. தொட்டியண்ணன் உள்ளே போகவில்லை. முன் சக்கரத்துப் பக்கத்தில் குந்தி, டயர் வெட்டுக்குள் இருந்த சேற்றை ஒரு குச்சியால் தோண்டிக்கொண்டிருந்தார். லயத்து ஆள் ஒருவர், ஏதாவது பேசவேண்டுமே என்று, "டயர் நல்லாருக்கே, புதுசாண்ணே?" என்று கேட்டார். குச்சி உடைந்தது. பிறகு தொட்டியண்ணன் விரலால் தோண்டினார்.

அடக்கம் முடிந்து மறுநாள் மூவரும் திரும்பினோம். அவரைத் திட்ட எனக்குள் நிறைய இருந்தது. வழியெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஊர் போய்ச் சேருமுன் அவரை ஒரு வழி பண்ணிவிடுவது என்றுதான் ஏறினேன். முதல் வளைவு திரும்பும்போதே, அழுது களைத்த ரோசாக்கா தொட்டிக்குள் காலை நீட்டித் தூங்கிவிட்டார். தொட்டியண்ணன் அதைப் பார்த்தார். வேகத்தைக் குறைத்தார். அந்தக் கேடுகெட்ட ரோட்டில் ஒவ்வொரு குழியையும் கோழிமுட்டை சுமப்பவர் மாதிரி சுற்றிச் சுற்றிப் போனார். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். அவர் கையை மட்டும் ஆட்டி, மெதுவாகப் போ என்றார்.

ஹாலிஎல வரும்வரை அக்காவின் தூக்கம் கலையவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.