ஓநாய்க்கறுப்புத் தைலம்

விடிந்ததும் விடியாததுமாகக் கரியானந்தரின் வாசலில் நாய்களும் நாய் வளர்ப்பவர்களும் முண்டியடித்தார்கள். கடித்துக்கொள்ளாமல் நின்றவை நாய்கள்தான்.

விஷயம் இதுதான். பக்கத்துக் காட்டில் தொற்றுநோய் புகுந்து சாம்பல் நிற ஓநாய்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கறுப்பு ஓநாய்களில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. இது உண்மை. நோய் ஊர் நாய்களுக்கும் பரவியதும் கரியானந்தர் அந்த உண்மைக்கு ஒரு வாலை ஒட்டினார். நோய்க்குக் கறுப்பென்றால் பயமாம். அவருடைய ஓநாய்த் தைலத்தைப் பூசி நாயைக் கறுப்பாக்கினால் கிட்டவே வராதாம். துறவியாவதற்கு முன் அவர் லாரிக்குப் பெயின்ட் அடித்தவர். இப்போதும் தொழிலை விடவில்லை. லாரி குரைக்கிறது, அவ்வளவுதான்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். குளிர்பெட்டியில் தடுப்பூசி மருந்து சீண்டுவாரின்றிக் கிடந்தது. இலவசமாகக் கிடைப்பதற்கு என்ன மகிமை இருந்துவிடப் போகிறது?

கதவைத் தள்ளிக்கொண்டு அவளுடைய நாத்தனார் வந்தாள். கையில் கன்னங்கரேலென்று ஒரு நாய்.

"யாரோடது இது?"

"நம்ம பஞ்சுதான் அண்ணி. ரெண்டு நாளா சாப்பிடல. காலு வெட்டி வெட்டி இழுக்குது."

"இதுக்கு ஊசி போட்டுடலாம்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"ஊசி போட்டா தைலம் பலிக்காதுன்னு சாமி சொன்னாரு அண்ணி."

அன்று மாலையே பஞ்சு செத்துப்போனது. போர்வையை மூடிவிட்டு டாக்டரம்மா கை கழுவினாள். கறுப்புச் சாயம் போனது, ஆத்திரம் போகவில்லை. அழுதுகொண்டிருந்த நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு நேராகக் கரியானந்தர் வீட்டுக்கு நடந்தாள்.

அங்கே கூட்டம் அப்படியே இருந்தது. கரியானந்தரின் மடியில் அவர் வளர்க்கும் வெள்ளை நாய்க்குட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

"சாமி, இந்தக் குட்டிக்குத் தைலம் பூசுங்க. நோயில படுத்த நாய்ங்க என்கிட்ட இருக்கு. அதுங்களோட ஒரு வாரம் இதை விடுவோம். நல்லபடியா திரும்பி வந்துட்டா ஆஸ்பத்திரியை இழுத்துப் பூட்டிடுறேன்."

பக்தர்கள் உற்சாகமாகத் தைலக் குப்பியை எடுத்து நீட்டினார்கள். நம்பிக்கை அப்படி. கரியானந்தர் குட்டியை வாரி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் ஆகாது. இது பச்சக் குட்டி. இன்னும் ஊசிகூடப் போடல, செத்துப்போயிடும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. நீட்டிய குப்பியைப் பக்தர்கள் மெல்லக் கீழே இறக்கினார்கள்.

"அப்ப என் பஞ்சு?" என்றாள் நாத்தனார்.

அவர் குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

தையல்காரர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப காட்டுல கறுப்பு ஓநாய் பிழைச்சது பொய்யா டாக்டரம்மா?"

"நிஜம்தாங்க. நோயைத் தாங்குற சக்தி அதுங்களுக்குப் பிறவியிலயே இருந்துச்சு. கறுப்பும் அந்தச் சக்தியும் ஒண்ணா வந்த சொத்து. தாங்க முடியாததுங்க செத்துச்சு. தாங்கினதுங்க குட்டி போட்டுச்சு. குட்டிங்களும் கறுப்பாப் பெருகிச்சு. எந்த ஓநாயும் டப்பாவுல வாங்கிப் பூசிக்கல."

கூட்டம் மெல்லக் கலைந்து மருத்துவமனைப் பக்கம் திரும்பியது. கடைசி ஆளாகக் கரியானந்தரும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குட்டியோடு வந்து நின்றார். அது என்ன பாவம் செய்தது? டாக்டரம்மா அதற்கும் ஊசி போட்டாள்.

காட்டில் எது பிழைக்கும் என்பதைப் பிறப்பு பாதி முடிவு செய்துவிடுகிறது. ஓநாயால் அதை மாற்ற முடியாது. மனிதனுக்கு யோசிக்க ஒரு மூளை கிடைத்திருக்கிறது. அதை வெளியே எடுக்க ஒரு நாய் சாகத்தான் வேண்டுமா?