நூல் காய்த்த ரோஜா

"பொஸ்தகத்தப் படிச்சவ வளத்தா ரோசா பூத்துருமாக்கும்?"

அக்கா போனில் இப்படிக் கேட்டபோது நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதுவும் தாவரவியல். (செடி என்னைப் பார்த்தாலே பயந்து பூத்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன்.)

அக்கா எட்டாவதோடு நின்று, சின்னாளப்பட்டி வீட்டில் அம்மாவுடன் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட உட்கார்ந்தவள். நான் கல்லூரிப் பேருந்துக்கு ஓடும்போது பின்னாலேயே வந்து தலையில் ரோஜா செருகிவிடுவாள். தனக்கென்று ஒன்று வைத்து நான் பார்த்ததில்லை. அவளைப் பழனிப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு எங்கள் வீடு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அது பிடிக்கவில்லை.

ஆடியில் அவள் உண்டாகியிருக்கும் செய்தி வந்தது. தை மாதம் எங்கள் வீட்டில் வளைகாப்பு.

"வளையல் போட்டதும் இங்கன விட்டுட்டுப் போவாகளா? அவுக வீடு அம்புட்டுப் பெருசு. நம்ம வீட்டப் பாத்துட்டு என்ன நெனப்பாகளோ" என்றாள் அம்மா.

அன்றே முடிவெடுத்தேன். வாசலில் கம்பியை வளைத்து, கொடிரோஜா ஏற்றுவேன். அக்காவின் மாமியார் அதைப் பார்த்த மாத்திரத்தில் மனம் குளிர்ந்து மருமகளை விட்டுப் போவார். குழந்தை இங்கே பிறக்கும்.

ஒட்டுச் செடி வாங்கி நட்டேன். இரண்டு கிளைகள் வந்தன. ஒன்று சிவந்த தளிரோடு நோஞ்சானாக நின்றது. இன்னொன்று பச்சைப்பசேலென்று ஓடியது. நோஞ்சானை வெட்டிவிட்டேன். ஓடியதைப் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டினேன். அப்படிக் கட்டினால்தான் பக்கக் கிளைகள் கிளம்பி நிறையப் பூக்கும். ஐப்பசி மழையில் அது கம்பி முழுவதையும் மூடிவிட்டது. தினமும் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

மார்கழியில் தெருவெல்லாம் ரோஜா. என் வளைவில் இலை. சந்தேகப்பட்டு அடியில் மண்ணைக் கிளறினேன். என் செல்லக் கிளை ஒட்டுக்குக் கீழே, நல்ல ரோஜாவைத் தாங்க வைத்திருந்த காட்டு ரோஜாவின் வேரிலிருந்து வந்திருந்தது. நான் வெட்டி எறிந்ததுதான் ரோஜா. (ஒட்டுக்கட்டுதல் பற்றிய கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.)

வளைகாப்பன்று விடிவதற்குள் நிலக்கோட்டைப் பூச்சந்தை ரோஜாக்களை அந்த இலைகளுக்கு நடுவே கட்டினேன். அவசரத்தில் கைக்கு வந்தது வீட்டு முடிச்சுதான். சுங்குடிக்குத் துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, நூலை அறுக்காமல் அடுத்தடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போவோம். சாயம் காய்ந்ததும் இழுத்தால் எல்லாம் சரசரவென்று அவிழ்ந்துவிடும். அதற்காகவே போடும் முடிச்சு அது.

அக்காவோடு மாமியார் வந்தார். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அடேயப்பா, எத்தன பூவு! கண்ணு, நீயா வளத்தே?"

"ஆமாங்க அத்தை. கிளைய வளைக்கிறதுலதான் இருக்கு சூட்சுமம்" என்றேன்.

அக்கா தலையில் வைப்பதற்காக ஆசையாக ஒரு பூவைப் பறித்தார். அது வந்தது. பின்னாலேயே நூலும் வந்தது. சரசரவென்று அத்தனை ரோஜாவும் அவர் பட்டுச்சேலை மேல் கொட்டியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் நூலைத் தூக்கிப் பிடித்து நிதானமாகக் கேட்டார்: "ஏங்கண்ணு, உங்கூட்டு ரோசாவுல நூலுங் காய்க்குதா?"

முதலில் சிரித்தது அக்காதான். வளையலை விட அதிகச் சத்தம்.

சாயங்காலம் மாமியார், "டாக்டரம்மா அங்கதானுங்க சம்பந்தி, பக்கத்துலயே இருக்கட்டும்" என்று அக்காவைக் கூட்டிப்போய்விட்டார். ரோஜாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நான் நம்பவில்லை. கார் திரும்பும்போது அக்கா தலையில் ஒரு ரோஜா இருந்தது. அதிலிருந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

பையன் பழனியில் பிறந்தான். இன்றும் அக்கா போன் எடுத்தால் முதல் கேள்வி, "நூலு பூத்துருச்சாடி?" பின்னால் அவள் மாமியார் சிரிப்பது கேட்கும்.

காட்டுச் செடியை நான் பிடுங்கவில்லை. வேர் பலமானது. அக்காவிடம் கேட்டு, அவர்கள் வீட்டு ரோஜாக் குச்சி ஒன்றை வாங்கினேன். அக்கா வீட்டுக்காரர், மாமா, ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் கொண்டுவந்த அன்று நான் அங்கே போனேன்; ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். காட்டுத் தண்டின் பட்டையைக் கீறி, குச்சியிலிருந்து சீவிய முளைக்கண்ணை உள்ளே வைத்துக் கட்டினேன். பிடித்துக்கொண்டது. கீழே எட்டிப்பார்த்த தளிர்களை எல்லாம் கிள்ளினேன். சிவந்த கிளை ஒன்று கைநீளம் வளர்ந்திருக்கிறது.

நேற்று அதைக் கம்பியில் வளைத்துக் கட்டினேன், எங்கள் வீட்டு முடிச்சால் அல்ல. நூலை இழுத்துப் பார்த்தேன். அவிழவில்லை.