யார் போட்ட கோடு?

கோல் கீப்பருக்குப் பந்தைத் தடுக்க வராவிட்டாலும் பரவாயில்லை, சட்டம் தெரிந்திருந்தால் போதும் என்று நம்பிய மடையன் நான். எண்பதுகளின் கடைசி. தாம்பரத்தில் எங்கள் கல்லூரி ஹாக்கி அணியின் கோல் கீப்பர். (வேறு யாரும் முன்வரவில்லை என்பது தனிக்கதை.)

ஒரு நாள் எங்கள் ஆட்டத்தைப் பார்த்துப் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க, செம்பாக்கத்துப் பள்ளி பி.டி. மாஸ்டர் ஒருவர் வந்திருந்தார். எனக்கு அந்த இடம் வேண்டும். கிடைத்துவிட்டது என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லியும் விட்டேன்.

மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவதும் என் வேலைதான். கோலுக்கு முன்னால் அரைவட்டமாக வரும் கோட்டை 'டி' என்போம். அதற்கு வெளியிலிருந்து அடித்த பந்து நேராக உள்ளே போனாலும் கோல் இல்லை. இந்தச் சட்டம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

கடைசி நிமிடம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிரணிக்காரன் ஓங்கி அடித்தான். கோட்டைப் பார்த்தேன், வெளியே! தடுக்கப் பாய்ந்த என் நண்பன் டேவிட்டிடம் கத்தினேன்.

"மச்சான், விடு! கோல் கெடையாது!"

விட்டான். நானும் கல்யாண வாசலில் நிற்பவன் மாதிரி ஒதுங்கி, கையை நீட்டி வழிவிட்டேன். பந்து மரியாதையாக உள்ளே போனது. நடுவர் விசில் ஊதினார். கோல்.

"சார், டிக்கு வெளிய இருந்து அடிச்சான் சார்!"

"நீ பாத்தது போன வாரம் சின்னப் பசங்களுக்குப் போட்ட கோடு. இன்னிக்குக் கோடு அதோ, அவன் அதுக்கு உள்ளதான் நின்னான். யாருப்பா போட்டது அத?"

என் கையெல்லாம் சுண்ணாம்பு.

"இவன்தான் சார்," என்றான் டேவிட்.

தோற்றோம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பி.டி. மாஸ்டர் தோளைத் தட்டினார்.

"கீப்பிங்க வுடுப்பா. கோடு இன்னாமா போட்டுக்கிற! எங்க கிரவுண்ட பாத்துக்க ஆள் வேணும், வர்றியா?"

கோடு போடப் போனவன், தொண்ணூறுகளில் அங்கேயே பயிற்சியாளர் ஆனேன். நல்ல பயிற்சியாளர் என்று நானே சொல்லிக்கொள்வேன். என் கீப்பர்கள் எந்தப் பந்தையும் விடுவதில்லை, சட்டமெல்லாம் அப்புறம்.

டேவிட்டின் தங்கையையே கட்டிக்கொண்டதால் அவன் நிஜ மச்சானும் ஆகிவிட்டான். அந்தக் கோல் கதையும் அவனோடு வீட்டுக்குள் வந்துவிட்டது. போன வாரம் அடுப்பில் பால் ஏறியது. "விடு, பொங்காது," என்றேன், வழக்கமான தன்னம்பிக்கையுடன்.

பொங்கியது. என் மனைவி அடுப்பை விட்டு ஒதுங்கி, கையை நீட்டிப் பாலுக்கு வழிவிட்டாள்.