எழுபதுக்கு எழுபது

குடும்பத்தில் ஒருவனுக்கு 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு' என்று பெயர் விழுந்துவிட்டால் அப்புறம் அவனுக்கு விடுதலையே கிடையாது. டிவியில் படம் வராவிட்டாலும் அவன்தான், வாஷிங் மெஷின் ஆடினாலும் அவன்தான். மலேசியாவில், ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களையும் வைஃபையையும் கவனிப்பது என் வேலை. நாள் முழுக்க "லைன் இல்ல, லைன் இல்ல" என்ற புலம்பலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் லைன் இருக்காது. (எங்கள் தெருவிலேயே மோசமான வைஃபை என் வீட்டு வைஃபைதான். இதை வெளியில் சொல்வதில்லை.)

இப்படிப்பட்ட என்னை நம்பித்தான் என் கொழுந்தியாள் பவானியின் கல்யாண லைனை ஒப்படைத்தார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் என் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஈப்போவில் மருத்துவமனையில் சேர்த்து, காலில் எடை கட்டிப் படுக்கவைத்துவிட்டார்கள். தேதியைத் தள்ளிப்போடலாம் என்றால் மனிதர் ஒப்பவில்லை.

"பத்திரிகை குடுத்தாச்சு, ஊரெல்லாம் சொல்லியாச்சு. நான் போன்ல பாத்துக்கிறேன்லா. மாப்பிள்ளைக்குத்தான் இதெல்லாம் தெரியுமே."

கட்டிலைச் சுற்றி நின்ற எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பெரிய மனிதன்போலத் தலையாட்டினேன்.

கல்யாணம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். ரப்பர் தோட்டம் என்பது பெயரளவில்தான்; ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து பல காலமாகிறது. மண்டபத்துக்குத் தகரக் கூரை. உள்ளே நின்றால் கைப்பேசியில் ஒரு கோடுகூட ஏறாது. வாசலைத் தாண்டிக் கார் நிறுத்தும் இடத்துக்குப் போனால் நன்றாக ஏறும். ஆகவே சிம் கார்டு போட்ட சின்ன மோடம் ஒன்றை, பவர் பேங்கோடு சேர்த்து, வெளியே பந்தல் காலில் கட்டினேன். அது வெளியுலகத்து லைனைப் பிடித்து வைஃபையாக உள்ளே அனுப்பும். மணவறைக்கு எதிரே ஒரு நாற்காலியில் என் மடிக்கணினியை வைத்து வீடியோவில் மாமனாரைக் கூப்பிட்டேன்.

"தெரியுதா மாமா?"

"தெரியுது, தெரியுது. கொஞ்சம் திக்குது. பரவால்ல."

பரவாயில்லை என்று அவரே சொல்லிவிட்டார். புத்தியுள்ளவன் அத்தோடு போய் ஒரு வடையைத் தின்றிருப்பான். நான் கருப்புத் திரையைத் திறந்தேன்.

என் மடிக்கணினியில் லினக்ஸ். அதில் ஒரே ஒரு வரி கட்டளை அடித்தால் போதும், வைஃபையின் நிலவரம் விநாடிக்கு ஒருமுறை எண்ணாக வந்துகொண்டே இருக்கும். லிங்க் குவாலிட்டி, எழுபதுக்கு இத்தனை என்று. அப்போது நாற்பத்திரண்டு காட்டியது. பக்கத்திலேயே சிக்னல், மைனஸ் அறுபத்தெட்டு.

என் மனைவி கலையின் தம்பி சிவம் லோரி ஓட்டுபவன். பின்னால் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், மைனஸ்ல ஓடுது? செத்துப்போச்சா?"

"வைஃபைல எல்லாமே மைனஸ்தான். மைனஸ் சின்னதா இருந்தா நல்லது."

"எங்க பாஸ் மூடு மாதிரின்னு சொல்லு."

நாற்பத்திரண்டு தாராளமாகப் போதும். தொழிற்சாலையில் யாராவது இந்த எண்ணைக் காட்டி அழுதிருந்தால் விரட்டியிருப்பேன். ஆனால் இது மாமனார் விஷயம். கட்டிலில் கட்டிப்போட்ட மனிதருக்கு மகள் கழுத்தில் தாலி ஏறுவது திக்காமல் தெரிய வேண்டாமா?

மேளக்காரர்கள் நடுவில் வந்து உட்கார்ந்தார்கள். எண் முப்பத்தைந்து ஆனது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். முப்பத்தொன்று. மனித உடம்பு சிக்னலைக் குடித்துவிடும். பட்டுச்சேலை கட்டிய உடம்பு இன்னும் அதிகமாகக் குடிக்கும்போல எனக்குத் தோன்றியது. எழுந்து போனேன்.

"அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் உக்காருங்க. லைன மறைக்கிறீங்க."

"நான் மறைக்கிறேனா? நான் மாப்பிள்ளையோட பெரியம்மாலா!"

அவர் நகர்ந்தார். எண் இரண்டு ஏறியது. சம்பந்தி வீட்டில் என் மதிப்பு எத்தனை இறங்கியது என்று காட்ட லினக்ஸில் கட்டளை இல்லை.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல். மடிக்கணினியின் கேமரா திரைக்கு நேர் மேலே இருந்தது. எண்ணைப் படிக்க நான் திரைக்கு முன்னால் வந்து குனிய வேண்டும். குனிந்தால் மருத்துவமனையில் தெரிவது மணமேடை இல்லை, நான்.

"மாப்பிள்ளே, கொஞ்சம் தள்ளுங்க. பொண்ணு தெரியல."

"இதோ மாமா, லைன சரி பண்றேன்."

"லைன் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் குறுக்க இருக்கீங்க."

நான் கேட்கவில்லை. எண்கள் தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று கருப்புத் திரையை முழுசாக விரித்துவிட்டேன். மாமனார் முகம் அதற்கு அடியில் போய்விட்டது. அப்புறம்தான் அந்த மகத்தான யோசனை வந்தது. மோடம் தூரத்தில் இருப்பதால்தானே எண் குறைகிறது?

"சிவம், அந்த மோடத்தக் கழட்டி உள்ள கொண்டா!"

சிவம் மோடத்தைப் பூத்தட்டுபோல ஏந்திக்கொண்டு வாசலில் நுழைந்தான். நான் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்திருந்தேன். நாற்பத்தெட்டு. ஐம்பத்தாறு. "வா, வா, இன்னும் உள்ள வா!" என்று கத்தினேன். மோடத்தை நாற்காலிக்கு அடியிலேயே வைத்தான். எழுபது! எழுபதுக்கு எழுபது! படித்து முடித்த நாளில்கூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. எல்லாரும் அரிசி தூவினார்கள். கலை கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, அப்பா பார்க்கிறாரா என்று சைகையில் கேட்டாள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. எழுபது இறங்கிவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனாரிடமிருந்து சத்தமே இல்லை. உருகிப்போய்விட்டார் என்று நினைத்தேன்.

பாராட்டு வாங்கலாம் என்று கைப்பேசியோடு வெளியே போனேன். வெயிலில் கால் வைத்ததும் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் அவரிடமிருந்து. கூப்பிட்டேன்.

"மாப்பிள்ளே," என்றார் மெதுவாக. "தாலி கட்டிட்டாங்களா?"

அந்த எண் சொன்னது மடிக்கணினிக்கும் மோடத்துக்கும் இடையில் உள்ள நெருக்கத்தை மட்டும். மோடத்துக்கும் வெளியுலகத்துக்கும் என்ன உறவு என்று அதற்குத் தெரியாது. தகரக் கூரைக்கு அடியில் வந்ததுமே மோடத்தின் லைன் செத்துவிட்டது. அதன்பிறகு அந்த இரண்டு பெட்டிகளும் தங்களுக்குள் பிரமாதமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கின்றன. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் நான் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பேன். (சிரிக்காதீர்கள்.)

உள்ளே போய்க் கலையிடம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அப்பா பாக்கலையா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம். பவானி காதிலும் விழுந்தது. மாலையோடு மணவறையிலிருந்து எழுந்துவிட்டாள்.

"சாப்பாடு அப்பறம். வண்டிய எடுங்க, அப்பாகிட்ட போலாம்."

பந்தியை விட்டுவிட்டு ஈப்போவுக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் பூக்கூடையோடு பூக்கூடையாக உட்கார்ந்திருந்தேன்.

மணக்கோலத்தில் மகளையும் புது மாப்பிள்ளையையும் பார்த்ததும் மாமனார் அழுதுவிட்டார். குனிந்த இரண்டு தலைகளிலும் கை வைத்தார். பிறகு அவர் பார்வை கதவோரம் நின்ற என்மேல் திரும்பியது.

"மாமா, மன்னிச்சிருங்க. நான்..."

"இங்க வாங்க. இதப் பாருங்க."

கைப்பேசியை நீட்டினார். லைன் அறுந்த நொடியில் உறைந்துபோன படம். பக்கத்துக் கட்டில் மலாய்க்காரப் பெரியவர் அதை அப்படியே படமாகப் பிடித்துவைக்கச் சொல்லிக்கொடுத்தாராம். திரை முழுக்க நான். வாய் குகைபோலத் திறந்திருக்கிறது, ஒரு கண் மூடியிருக்கிறது, மூக்குத் துவாரம் இரண்டும் தெளிவோ தெளிவு. அன்றைக்குத் திக்காமல் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

"திரும்ப வரும் வரும்னு இந்த மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன். முகூர்த்தம் தாண்டிடப்போவுதேன்னு கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிட்டேன்."

"யாருக்கு மாமா?"

"எதிர்ல யாரு இருந்தாங்களோ அவங்களுக்குத்தான்."

பக்கத்துக் கட்டில்காரர் அந்தப் படத்தைப் பார்த்து, இவர்தான் மாப்பிள்ளையா என்று மலாயில் கேட்டாராம். "புக்கான்லா, இவரு இல்ல, இது பழைய மருமகன்னு சொன்னேன். பாவம், அதக் கேட்டு அவருக்குக் கொஞ்சம் நிம்மதி" என்றார் மாமனார்.

முதலில் சிரித்தது பவானிதான். மை கரைந்து கன்னத்தில் வழிய வழியச் சிரித்தாள். தாதி வந்து அதட்டும்வரை யாரும் நிறுத்தவில்லை.

பவானி செய்த காரியம்தான் இன்றுவரை என்னை வதைக்கிறது. கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில், அதே அளவில் என் முகத்தை அச்சடித்து ஒட்டிவிட்டாள். கீழே 'அப்பா பார்த்தது' என்று பொன் எழுத்து. இப்போது அவள் மகள் தமிழ்ப்பள்ளிக்குப் போகிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து விரல் வைத்து விளக்குவாள்.

"இது அம்மா. இது அப்பா. இது பெரியப்பா. தாத்தா இவருக்குத்தான் ஆசீர்வாதம் பண்ணாரு."