துணை அதிபரின் உச்சந்தலை

தகுதியைக் கண்டுபிடிக்கும் வழி கிடைத்துவிட்டது என்று தலைநகரமே தலைகால் புரியாமல் குதித்துக்கொண்டிருந்தது. வேட்பாளர் என்ன படித்தார், இதுவரை என்ன கிழித்தார் என்றெல்லாம் இனி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பேராசிரியர் வருவார். குண்டைத் தொங்கவிடுவார். குண்டு சொல்லிவிடும். மண்டைகளுக்கு விடுமுறை!

குண்டு என்றால் வெடிக்கிற குண்டு அல்ல. கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தொங்கவிடுவாரே, அந்தத் தூக்குக்குண்டு. அதைப் பளபளவென்று தேய்த்துப் பட்டுக்கயிற்றில் கட்டியிருந்தார் பேராசிரியர். எந்தக் கல்லூரியில் பேராசிரியர்? அதைக் கேட்டவன் நாட்டுப்பற்று இல்லாதவன். உச்சந்தலைக்கு மேலே குண்டு வலப்பக்கமாகச் சுழன்றால் ஆளுக்குத் தகுதி உண்டு. இடப்பக்கமாகச் சுழன்றால் இல்லை. சும்மா நின்றால் கட்டணம் போதவில்லை.

அவர் வீட்டு வாசலில் வங்கி மேலாளர்கள் நின்றார்கள், மாப்பிள்ளை தேடும் அப்பாக்கள் நின்றார்கள். அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரும் நின்றார். அவரிடம் வயிற்றைக் கொடுக்கப்போகிறவர்கள் பாவம்.

அந்த வருடம் தேர்தல். அதிபர் மறுபடியும் நின்றார். 'நின்றார்' என்பது மரியாதைக்குச் சொல்வது. பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் பேச்சைவிட இருமல் நீளமாக இருந்தது. ஆகவே துணை அதிபராக வருகிறவர் எந்த நிமிடமும் நாட்டையே தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கும்.

கட்சி யாரை நிறுத்தியது தெரியுமா? தொலைக்காட்சியில் வானிலை வாசித்துக்கொண்டிருந்த சிரிப்பழகரை. புயல் வருகிறது என்றாலும் பல் தெரியச் சிரித்துச் சொல்வார். ஊரே புயலை ரசிக்கும்.

கட்சிச் செயலாளர் பேராசிரியரைக் கூப்பிட்டார். சிரிப்பழகரின் தலைக்கு மேலே குண்டு காற்றாடியாகச் சுழன்றது. "தகுதி உறுதி!" என்று சுவரெல்லாம் சுவரொட்டி. மறுநாளே செயலாளர் அறிவித்தார்: "எதிர்க்கட்சி வேட்பாளரோட விவாதம் ரத்து. குண்டே சொல்லியாச்சு, அப்புறம் கேள்வி எதுக்கு?"

கூட்டம் கைதட்டியது. கேள்வி கேட்கும் தொல்லை ஒழிந்ததே!

கைதட்டாத ஒரே ஆள் சிரிப்பழகரின் மனைவி. ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களைச் சோதிக்கும் அதிகாரி. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "வண்டியைப் பின்னாடி எடுங்க" என்பார். எத்தனையோ மீசைகள் அங்கே வியர்த்திருக்கின்றன.

அன்று இரவுச் சாப்பாட்டில் பேச்சு வந்தது.

"என்னங்க, மேசைமேல அரசியல் சட்டப் புத்தகம் இருந்துச்சே, எங்க?"

"கட்டில் கால் ஆடுச்சும்மா. அடியில வச்சிருக்கேன்."

"படிக்க வேண்டாமா?"

"எதுக்கு? எனக்குள்ள பிறவியிலேயே தகுதி இருக்காம். குண்டு சுத்துனதை நீ பாக்கலையே! எனக்கே உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே நம்பிவிட்டார். மனைவிக்கு அதுதான் சிக்கல். ஏமாற்றுகிறவனோடு சண்டை போடலாம். ஏமாந்து சந்தோஷமாக இருக்கிற கணவரோடு எப்படிப் போடுவது?

மறுவாரம் மாநாட்டு மண்டபத்தில் பேராசிரியரின் பொதுக்காட்சி. உட்கார இடமில்லாமல் மேடைப் படியெல்லாம் ஜனம்.

"முகத்தைப் பாத்துச் சொல்றது முகஸ்துதி!" பேராசிரியர் முழங்கினார். "நான் அலையைப் பாத்துச் சொல்றவன். தகுதி அலை துணியைத் துளைக்கும், சுவரைத் துளைக்கும், இரும்பைத் துளைக்கும்!"

ஆஹா! மண்டபம் அதிர்ந்தது.

முன்வரிசையில் இருந்து வேட்பாளரின் மனைவி எழுந்தார். "ரொம்ப சந்தோஷம் ஐயா. துணியைத் துளைக்கும்னா, ஆளைப் போர்த்திட்டு ஒரு தடவை பாக்கலாமா? நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. நாங்க உக்கார வைக்கிறோம்."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "இன்னிக்கு அலைக்கு அவ்வளவா..."

"இரும்பையே துளைக்கும்னீங்களே!"

ஜனங்கள் குஷியாகிவிட்டார்கள். "செய்யுங்க ஐயா! அந்தம்மா வாயை அடைங்க!" பக்தர்களே குருவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

திரும்பி வந்தபோது மேடையில் மூன்று நாற்காலிகள். மூன்றிலும் தலையோடு கால் வெள்ளைப் போர்வை போர்த்திய உருவங்கள். கையால் தொடக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

முதல் உருவம் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியது. குண்டு இடப்பக்கமாகச் சுழன்றது. "அய்யய்யோ! இந்த ஆள்கிட்ட ஒரு பெட்டிக்கடையைக்கூடக் குடுத்துடாதீங்க!"

இரண்டாவது உருவம் தும்மியது. குண்டு அசையவே இல்லை. "உள்ள ஒண்ணுமே இல்ல. காலி டப்பா."

மூன்றாவது உருவம் ஆடவில்லை, அசையவில்லை. பேராசிரியர் முகம் மலர்ந்தது. குண்டு விர்ரென்று வலப்பக்கமாகச் சுழன்றது. "என்ன நிதானம்! என்ன அடக்கம்! துணை அதிபர் என்னங்க, இவர் அதிபராவே ஆகலாம்! பிறவித் தலைவர்!"

"போர்வையை எடுங்க" என்றார் மனைவி.

பெட்டிக்கடைக்குக்கூட லாயக்கில்லாதவர் சிரிப்பழகர். காலி டப்பா, பேராசிரியரைக் கூட்டிவந்த கட்சிச் செயலாளரேதான். பிறவித் தலைவர், எதிர்த் தெருத் துணிக்கடையில் கோட்டு மாட்டி உட்கார்ந்திருக்கும் பொம்மை.

பின்வரிசையில் யாரோ 'களுக்' என்றார்கள். அவ்வளவுதான், கூரை பறந்தது. சிரித்துச் சிரித்து ஒருவர் நாற்காலியோடு மல்லாந்தார்.

"பொம்மைக்கும் அலை உண்டு!" பேராசிரியர் கத்தினார்.

"அப்படியா?" மனைவி குண்டை வாங்கி ஒலிவாங்கிக் கம்பத்தில் கட்டினார். கம்பத்தைக் கணவர் தலைக்கு மேலே சாய்த்தார். குண்டு மெல்ல அடங்கி நின்றது. பொம்மையின் தலைக்கு மேலும் நின்றது. பேராசிரியரின் தலைக்கு மேலும் நின்றது. "கை பிடிச்சா சுத்துது. கம்பம் பிடிச்சா சுத்தல. அப்ப அலை தலையில இருக்கா, கையில இருக்கா?"

பேராசிரியர் பக்கவாட்டுக் கதவைத் தேடிப்போய், அதற்குள் அங்கே வந்து நின்றிருந்த மாப்பிள்ளை தேடும் அப்பாக்களிடம் மாட்டிக்கொண்டார்.

சிரிப்பழகர் மட்டும் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல் தெரியவில்லை.

"நீயே சொல்லு. எனக்குத் தகுதி இருக்கா, இல்லையா?"

"எனக்கு வண்டி ஓட்டுறவங்களைத்தான் சோதிக்கத் தெரியும். ஓட்டுப் போடுறவங்க இங்கதான் இருக்காங்க. கேக்கட்டும்."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். "கேளுங்க."

கூட்டம் திருதிருவென்று விழித்தது. இத்தனை நாள் குண்டைப் பார்த்தவர்களுக்குக் கேட்க ஒரு கேள்விகூட வரவில்லை. கடைசியில் ஒருவர் எழுந்து, "உங்களுக்குப் பிடிச்ச கலர் என்ன?" என்றார்.

"நீலம்" என்றார் வேட்பாளர், நிம்மதியாக.

அப்போது ஒரு செவிலியர் எழுந்தார். வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தார். "அதிபர் நாளைக்கே படுத்த படுக்கையாயிட்டா, காலையில முதல் வேலையா என்ன செய்வீங்க? எங்க ஆஸ்பத்திரியில மருந்து இல்ல. யாரைக் கூப்பிடுவீங்க?"

வானிலை வாசிக்க ஆரம்பித்த நாளிலிருந்து சொல்லாத ஒரு வார்த்தையைச் சிரிப்பழகர் சொன்னார்:

"தெரியல."

பிறகு மெதுவாக, "தெரியாம இங்க வந்து உக்காந்திருக்கக் கூடாது. நான் விலகிக்கிறேன்" என்றார். மனைவி அவர் தோளைத் தொட்டார். அன்றைக்குத்தான், நெடுநாளைக்குப் பிறகு, கணவரைப் பார்த்து அவர் சிரித்தார்.

கட்சி வேறு ஆளைத் தேடியது. ரத்தான விவாதம் நடந்தேவிட்டது. செவிலியர் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். பதில் சொல்ல முடியாமல் இரண்டு கட்சிக்காரர்களும் விழித்ததை நாடே பார்த்தது. நல்லது, விழிக்கட்டும், வேலைக்கு வருகிறவர்கள்தானே!

ஆனால் ஒன்று. மண்டபம் காலியானபோது மரியாதைக்குரிய ஒரு பெரியவர் மேடைக்கு வந்து, பொம்மையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பையனிடம் ரகசியமாகக் கேட்டார்: "இவர் எந்தக் கட்சி தம்பி?"

வாக்காளப் பெருமக்களே, பொம்மைக்குத் தலை இருந்தும் யோசிக்க முடியாது. உங்களுக்கு என்ன கேடு?