முதலைக்கு ஒரு வரிசை

முதலைக்கு இடம் இல்லை என்று கைக்கணினி சொல்லிவிட்டது.

குளத்தில் இடம் இருந்தது. மேற்படி முதலையும் அன்று காலையே லாரியிலிருந்து இறங்கி, கரையில் பாதியைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இடம் இல்லாதது அட்டவணையில்தான். நூற்றிருபத்தெட்டு வரிசைகளும் நிரம்பிவிட்டன. இன்னொன்று சேர்க்கப் போனால், "மன்னிக்கவும், இந்தத் தாள் நிறைந்துவிட்டது" என்று ஒரு சின்னப் பெட்டி எழும்பி வந்து கும்பிடாத குறையாக நின்றது.

மிருகக்காட்சிசாலையின் தீவன மேற்பார்வையாளருக்கு இது பெரிய அடி. எந்த மிருகம், எத்தனை மணிக்கு, எதை, எவ்வளவு தின்ன வேண்டும் என்பதை ஆறு வருஷமாக அவர் உள்ளங்கை அகல அந்தக் கைக்கணினியில்தான் கட்டம் கட்டமாக எழுதி வருகிறார். தினமும் காலை ஏழு மணிக்கு அச்சடித்துத் தீவனக் கூடத்தில் வைத்துவிட்டுத்தான் மறு வேலை. வாசல் காவலாளி முதல் கூண்டு கழுவுகிறவர் வரை எல்லாரும் அவரைக் 'கட்டம் சார்' என்று கூப்பிட்டார்கள். அது கிண்டல் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் அதைப் பட்டமாகவே வைத்துக்கொண்டிருந்தார்.

யோசித்துப் பார்த்து, முதலையை ஆமையின் வரிசையிலேயே சேர்த்துவிட்டார். 'ஆமை மற்றும் முதலை. கீரை அரைக் கிலோ, கோழி ஆறு.'

அன்று பார்த்து இயக்குநர் அம்மா அவர் மேஜைக்கு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் இது, ஆமையும் முதலையும் கூட்டுக் குடும்பமா?"

"வரிசை போதலை மேடம். தற்காலிக ஏற்பாடு."

"யாருக்குத் தற்காலிகம்? ஆமைக்கா?"

கட்டம் சார் பேனாக் குச்சியால் திரையைத் துடைத்தார்.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஆய்வுக் குழு வருது. அதுக்குள்ள கொஞ்சம் சக்தியுள்ள செயலியாப் பார்த்துத் தேர்ந்தெடுங்க. முடியலைன்னா கூச்சப்படாம சொல்லுங்க, அட்டவணையை மீன்காட்சியைப் பார்த்துக்கிற அம்மாகிட்ட குடுத்துடலாம். அவங்க சிலேட்டுலயே எழுதிடறேங்கறாங்க. உங்களுக்கும் வேலை இருக்கு. வாசல்ல பை வாங்கி வைக்கிற ரூமுக்கு ஆள் இல்லாம கஷ்டமா இருக்கு."

பை வைக்கிற அறை! நாள் முழுக்கப் பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பைகள் எதுவும் தின்னாது. தின்னாத ஒன்றுக்கு என்னவென்று அட்டவணை போடுவது?

வீட்டுக்குப் போனதும் மச்சினனைக் கூப்பிட்டார். அவன் கைபேசிக் கடையில் வேலை பார்ப்பதால் குடும்பத்தில் அவனுக்கு விஞ்ஞானி அந்தஸ்து.

"பதினோரு செயலி இருக்கு மாமா. எதையாவது ஒண்ணைப் போடுங்க. எல்லாம் ஒண்ணுதான்."

'எதையாவது' என்ற சொல் கட்டம் சாருக்குப் பிடிக்காது. பதினொன்றையும் ஒப்பிட்டுத்தான் முடிவு செய்வது என்று தீர்மானித்தார். ஒப்பிட இருபத்து மூன்று தகுதிகளை வகுத்தார். எத்தனை வரிசை தாங்கும், வெயிலில் எழுத்து தெரியுமா, ஒரு கையில் வாளி இருக்கும்போது மறு கைக் கட்டைவிரலால் ஓட்ட முடியுமா, குரங்கு பிடுங்கிக்கொண்டால் தானாகப் பூட்டிக்கொள்ளுமா என்று நியாயமான தகுதிகள்தான். எல்லாவற்றையும் ஓர் அட்டவணையாக்கக் கைக்கணினியைத் திறந்தார்.

"மன்னிக்கவும், இந்தத் தாள் நிறைந்துவிட்டது."

"பெரிய அட்டவணை போடுற செயலியைத் தேர்ந்தெடுக்கணும்னா பெரிய அட்டவணை வேணும். பெரிய அட்டவணை போடணும்னா பெரிய செயலி வேணும்," என்று அவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் மனைவி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏங்க, ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்களேன்."

"பேப்பர்லயா? அது கூட்டுமா?"

"ஏன், உங்களுக்குக் கூட்ட வராதா?"

இந்தப் பேச்சுக்கு அவர் செவி கொடுக்கவில்லை. இடம் பண்ணுவதற்காகக் கிளிகள் ஒன்பதையும் 'கிளி வகையறா' என்று ஒரே வரிசையில் அடைத்தார். ஆந்தைகளைச் சேர்த்தார். நரியையும் குள்ளநரியையும் ஒன்றாக்கினார். பதினான்கு வரிசை மிஞ்சியது. அதில் பதினான்காவது தகுதியோடு அட்டவணை முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

வேறு வழியில்லாமல், பதினொன்றில் முதல் செயலியை ஒத்திகைக்காக இறக்கி, ஒப்பீட்டை அதிலேயே எழுத ஆரம்பித்தார். அந்தச் செயலியின் குறைகளை அந்தச் செயலிக்குள்ளேயே எழுதுவது அவருக்குச் சங்கடமாக இருந்தது. விருந்துக்குப் போன வீட்டில் உட்கார்ந்துகொண்டு அந்த வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்வதுபோல் பட்டது. அதனால் எல்லாவற்றிலும் அதற்கு ஓரிரு மதிப்பெண் கூட்டியே போட்டார். அது முதலிடம் பிடித்தது.

சந்தோஷமாகத் தீவன அட்டவணையை அதற்கு மாற்றினார். குரங்கின் வரிசையில் '3-4 வாழைப்பழம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஏப்ரல் 3' என்று இருந்தது.

"என்னங்க முழிக்கிறீங்க?"

"குரங்குக்கு ஏப்ரல் மூணாம் தேதின்னு போட்டிருக்கு."

"இது ஆகஸ்டு. அதுவரைக்கும் அது என்ன பண்ணும்?"

குரங்கு மட்டுமில்லை. ஒட்டகத்துக்கு ஜூன் ஐந்து, வரிக்குதிரைக்கு மே நான்கு. ஒவ்வொன்றையும் அவர் திருத்தத் திருத்த, செயலி மறுபடி அதைத் தேதியாகவே மாற்றியது. மூன்றாம் தடவை, 'நினைவூட்டல் வைக்கவா?' என்றும் பரிவோடு கேட்டது.

மறுநாள் மச்சினன் இரண்டாவது செயலியை ஏற்றிக் கொடுத்தான்.

"இது வேற மாதிரி மாமா. நம்ம மனசுல இருக்கிறதைப் புரிஞ்சுக்கும். நீங்க ரெண்டு கட்டம் அடிச்சாப் போதும், மீதியை அதுவே அடிச்சுடும்."

கட்டம் சார் புலிக்கு எட்டுக் கிலோ என்று அடித்தார். சிங்கத்துக்கு ஒன்பது என்று அடித்தார். செயலி அவர் மனதைப் புரிந்துகொண்டது. சிறுத்தைக்குப் பத்து, ஓநாய்க்குப் பதினொன்று என்று தானே இறங்கிப் போய், கீரிக்கு முப்பத்தொரு கிலோ இறைச்சி ஒதுக்கிவிட்டு நின்றது.

"டேய், கீரி மொத்தமே ரெண்டு கிலோடா!"

"நீங்க எட்டு, ஒன்பதுன்னா அது பத்துன்னுதானே நினைக்கும்? பாவம், அது மேல என்ன தப்பு?"

"முப்பத்தொரு கிலோவைக் கீரி எங்கடா வெச்சுக்கும்?"

"வளர்ற பிள்ளை மாமா, தின்னுட்டுப் போகட்டும்."

கடைசியில் வியாழக்கிழமை மாலை, 'இதுக்கு மேல சக்தி வேணும்னா ராக்கெட் விடுறவங்ககிட்டதான் கேட்கணும்' என்று சொல்லி அவன் மூன்றாவதை ஏற்றினான். அது பத்து லட்சம் வரிசை தாங்கும். பூமியில் உள்ள ஜீவராசிகள் அத்தனையும் பெட்டி படுக்கையோடு வந்து நின்றாலும் கட்டம் சார் இனி பின்வாங்க வேண்டியதில்லை. கிளிகளைப் பிரித்தார். ஆந்தைகளைப் பிரித்தார். நரியையும் குள்ளநரியையும் தனிக் குடித்தனம் வைத்தார். கடைசி வரிசையில் 'முதலை, கோழி ஆறு' என்று எழுதியபோது அவருக்குக் கண் கலங்கியது. வாழைப்பழம் வாழைப்பழமாகவே இருந்தது. கீரிக்குக் கால் கிலோதான்.

அதோடு அவர் விட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்தில் உட்கார்ந்து, அச்சடிக்கும் முன் அவருக்கு ஓர் ஆசை வந்தது. யானையில் தொடங்கி முதலையில் முடிகிற பட்டியலை அகர வரிசையில் அடுக்கினால் ஆய்வுக் குழு அசந்து போகுமே! மிருகங்களின் பெயர்ப் பத்தியைத் தொட்டு, 'அடுக்கு' என்றார். செயலி ஏதோ நீளமாக ஒரு கேள்வி கேட்டது. கட்டம் சார் 'சரி' என்றார். அணில், ஆந்தை, ஆமை என்று பெயர்கள் பள்ளிப் பிள்ளைகள்போல் வரிசையில் நின்றன. அந்தக் குட்டித் திரையில் ஒரு சமயத்தில் ஒரு பத்திதான் தெரியும். அச்சுப்பொறிக்கு அனுப்பினார். கட்டாக வந்து விழுந்ததை அப்படியே அள்ளிக்கொண்டு போய்த் தீவனக் கூடத்தில் வைத்தார். திரும்பி வந்து, கழுத்துப்பட்டையைச் சரி செய்துகொண்டு காத்திருந்தார்.

பத்தேகாலுக்கு, இன்னொரு தடவை ரசிப்போம் என்று திரையை இடப்பக்கமாகத் தள்ளினார். தீவனப் பத்தி வந்தது.

'அணில்: கரும்பு நாற்பது கிலோ.'

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெயர்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. தீவனம் இருந்த இடத்திலேயே இருந்தது. மானுக்கு எலும்போடு இறைச்சி எட்டுக் கிலோ. சிங்கத்துக்கு வெள்ளரிக்காய், பொடியாக நறுக்கியது. யானைக்கு மண்புழு இருபது கிராம். கடைசி வரிசையில் தொங்கிக்கொண்டிருந்த வௌவாலுக்குக் கோழி ஆறு.

மூன்று மணி நேரமாக இந்தத் தீவனம் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது!

அவர் ஓடினார். முதலில் அணில் கூண்டு. அணில் முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூண்டில் கரும்பு ஒரு துண்டுகூட இல்லை. நாற்பது கிலோவையும் முடித்துவிட்டதா என்று கட்டம் சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மான்கள் நிதானமாக எதையோ மென்றன. என்னத்தை மெல்கின்றன என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சிங்கம் நான்கு காலையும் நீட்டிப் படுத்திருந்தது.

"வெள்ளரிக்காய்ல மயங்கிடுச்சு," என்று அவர் வாய்விட்டுச் சொன்னார்.

பக்கத்தில் நின்ற ஒரு தாயார் தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு நகர்ந்து போனார்.

யானை இவரைப் பார்த்ததும் தும்பிக்கையைத் தூக்கியது. புழு போதவில்லை என்று முறையிடுவதாகவே அவருக்குப் பட்டது. வௌவால்கள் தலைகீழாகத் தொங்கின. ஆளுக்குக் கொஞ்சமாக ஆறு கோழி தின்றால் யார்தான் தொங்க மாட்டார்கள்?

வௌவால் கூண்டை விட்டுத் திரும்பினால், எதிரே இயக்குநர் அம்மா. அவருக்குப் பின்னால் ஆய்வுக் குழு, மூன்று பேர், மூன்று குடை.

"என்ன சார், இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"மேடம், நானே பை ரூமுக்குப் போயிடறேன்."

"பை ரூமுக்கா? எதுக்கு? யாராவது பையைத் தொலைச்சுட்டாங்களா?"

அவர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் குழுத் தலைவர் குடையை இடுக்கிக்கொண்டு கையை நீட்டினார். "தீவன அட்டவணை நீங்கதானா? பிரமாதம். மிருகம் எல்லாம் மினுமினுன்னு இருக்கு. ஒண்ணுகூடப் பசின்னு கத்தலை. கைக்கணினியிலயே பண்றீங்களாமே, எந்தச் செயலி?"

கட்டம் சார் முனகலாகப் பெயரைச் சொன்னார். குழுத் தலைவர் எழுதிக்கொண்டார்.

"அப்ப அதையே நிரந்தரமா வெச்சுடலாம்," என்றார் இயக்குநர் அம்மா பெருமையாக. "திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுடறேன். சிலேட்டெல்லாம் வேண்டாம்னு மீன்காட்சி அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்."

நாற்காலி தப்பித்தது. ஆனால் கட்டம் சாரின் கால்கள் நிற்கவில்லை, நேரே தீவனக் கூடத்துக்குப் போயின. அங்கே கரடிக்காரர் மட்டும் இருந்தார். கரடிகளைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் அந்தப் பெயர். குழாயடியில் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, யானைக்குக் காலையில என்ன போட்டாங்க?"

"கரும்பு சார்."

"மண்புழு இல்லையே?"

"மண்புழுவா? என்ன சார், உடம்புக்கு ஆகலையா?"

"சிங்கத்துக்கு?"

"கறி. எப்பவும் போடுறதுதான்."

கட்டம் சார் கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர்கள்! இப்படி ஒரு தவறு வந்தும், மேலே போய்ப் புகார் சொல்லாமல், தாங்களே சரியாகப் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"இன்னைக்கு வந்த தாள்ல அத்தனையும் தப்புன்னு தெரிஞ்சும் யாருமே என்னைக் காட்டிக் குடுக்கலையேப்பா. எனக்குப் பேச்சே வரலை. இந்தச் செயலியே வேண்டாம், மேடம்கிட்ட சொல்லிப் பழையதுக்கே போயிடறேன்."

கரடிக்காரர் கழுவிக்கொண்டிருந்த வாளியைப் பதறிப்போய்க் கீழே வைத்தார்.

"ஐயையோ, மாத்திடாதீங்க சார்! பழைய செயலியில தினம் ஒரே ஒரு தாள்தான் வரும், ஆறு வருஷமா முயல் கூண்டுல ஒரு மூலைக்குக்கூட விரிக்கப் பத்தாது; இன்னைக்குத்தான் நாற்பது தாள் வந்திருக்கு, எல்லா முயலுக்கும் விரிச்சது போகக் கிளிக்கும் மீதி இருக்கு!"