பெரியப்பாவின் மாதிரி அறிவித்தல்

புதுத் தொழில் தொடங்குகிறவன் தன் யோசனையைச் சொந்தக்காரரிடம் சோதித்துப் பார்க்கக் கூடாது. எதைக் காட்டினாலும் "நல்லாயிருக்கு" என்பார்கள். பிறகு அதை நம்பியும் விடுவார்கள். என் பெரியப்பாவைச் சாகடித்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

நானும் நண்பன் நிரோஷனும் அப்போது வெள்ளவத்தையில், அவனுடைய படுக்கையறையில் ஒரு கம்பனி நடத்திக்கொண்டிருந்தோம். (நான் தலைமை நிர்வாகி. உட்காரக் கதிரை ஒன்றுதான்; அதில் அவன் இருப்பான்.) மரண அறிவித்தல்களைக் கைத்தொலைபேசியில் தரும் செயலிதான் எங்கள் யோசனை. கொழும்பு, லண்டன், கனடா என்று சிதறிக் கிடக்கும் எங்கள் சனத்துக்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

"முதல்ல ஒரு பக்கம் மட்டும் செய்து விடுவம் மச்சான். சனம் அதை என்ன செய்யுது எண்டு பாத்திட்டு மிச்சத்தைச் செய்வம்," என்றான் நிரோஷன்.

சோதிக்க ஓர் அறிவித்தல் வேண்டும். தனியே வாழும் பெரியப்பாவிடம் கோட் போட்ட படம் ஒன்று இருந்தது. கேட்டேன்; எதற்கு என்று விசாரிக்காமலே சந்தோஷமாகத் தந்தார். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்புச் சகோதரர் என்று முறைப்படி எழுதினேன். கொட்டாஞ்சேனையில் இருக்கும் சித்தப்பாவின் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். ஊர்க் காணியின் வேலியில் தொடங்கிய சண்டையால் அண்ணனும் தம்பியும் பல வருடமாகக் கதைப்பதில்லை. பெயரைப் போட்டால் பெரியப்பா கோபிப்பார் என்று நினைத்தேன். (காலமானவர் கோபிப்பார் என்று பயந்த முதல் தொழிலதிபர் நானாகத்தான் இருக்கும்.)

"மேல 'மாதிரி' எண்டு போடு," என்றான் நிரோஷன்.

"வடிவு கெட்டிடும் மச்சான்," என்று சொல்லி, செயலியை வைத்திருந்த உறவினர் எல்லோருக்கும் அனுப்பினேன்.

மத்தியானம். பெரியப்பா தொலைபேசியை நிறுத்திவிட்டு நித்திரை கொள்ளும் நேரம். சந்தேகப்பட்டு அழைத்தவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. அதோடு சந்தேகம் தீர்ந்தது. அறிவித்தலைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். நித்திரையில் இருந்த கனடா எழும்பி அழுதது. அம்மா அழைத்து அழுத பிறகுதான் எனக்கு விஷயமே விளங்கியது. ஓடினேன்.

பெரியப்பாவின் ஃபிளாட் வாசலில் சனம் கூடியிருந்தது. பக்கத்து வீட்டு அன்ரி பிளாஸ்கில் தேத்தண்ணியோடு நின்றார். சித்தப்பா பூட்டிய கதவில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திரும்பினார்.

"அண்ணைக்கு என்னில கோபம், சரி. அதுக்காக நான் தம்பி இல்லையோ? என்ர பேரை ஏன்டா போடேல்லை?"

அவ்வளவு பெரிய மனிதர் அப்படி அழுததைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் வேதனையாகவும் இருந்தது. "அது சும்மா சோதனைக்கு..." என்று தொடங்கினேன். அதற்குள் கதவு திறந்தது.

இடுப்பில் சாரத்தை இறுக்கிக்கொண்டு பெரியப்பா நின்றார்.

"என்ன சத்தம்? ஆர் செத்தது?"

"நீங்கள் அண்ணை," என்று சொல்லிச் சித்தப்பா அவரைக் கட்டிப்பிடித்தார்.

பெரியப்பாவுக்கு விஷயத்தை விளக்க வேண்டிய துர்ப்பாக்கியம் எனக்கு வாய்த்தது. என் தொலைபேசியை வாங்கி, தன் அறிவித்தலை முதலிலிருந்து வாசித்தார். கன்னத்தில் அறை விழும் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"இவன்ர பேர் எங்கை?"

"உங்களுக்குள்ள சண்டைதானே பெரியப்பா..."

"சண்டை எங்களுக்கு. நோட்டீசுக்கு என்னடா?"

அதன் பிறகு அந்தச் செயலியை யாரும் திறக்கவில்லை. புதிதாக இறக்கியவர்களும் இல்லை. அன்றும் செய்தி முழுவதும் வாட்ஸ்அப்பிலும் தொலைபேசியிலும்தான் ஓடியிருக்கிறது. "ஆள் செத்தும் சனத்துக்கு எங்கட சாமான் தேவைப்படேல்லை மச்சான்," என்றான் நிரோஷன். கம்பனியை மூடினோம்.

சித்தப்பா இப்போது ஞாயிறுதோறும் வெள்ளவத்தைக்கு வருகிறார். நான் எந்தச் செயலி செய்தாலும் குடும்பத்தில் யாரும் படம் தருவதில்லை. பெரியப்பா என் அழைப்பை எடுத்தால் ஹலோ சொல்வதில்லை. "இன்னும் இருக்கிறன்," என்கிறார். ஞாயிறென்றால் பின்னால் சித்தப்பாவின் குரலும் கேட்கும்: "என்ர பேரைப் போட்டிட்டானோ எண்டு கேளுங்கோ அண்ணை!"